வேலையோடு நர்சிங் பட்டம்: உங்கள் கேள்விகள்

வேலையை விடாமலோ, இடையில் விட்ட இடத்திலிருந்தோ நர்சிங் பட்டத்தை நிதானமாக முடிக்க வழி கேட்டு வந்த கடிதங்களில் ஆறு இங்கே.

நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். முடித்து, தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். மூன்று வயதில் மகன் இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் கல்லூரிக்குப் போக வீட்டு நிலைமை இடம் தராது. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வேலையில் இருந்தபடியே பி.எஸ்சி. படிக்கலாம் என்கிறார்கள். எனக்குச் சரிப்படுமா?
– வாசகி, திருப்பூர்

சரிப்படும். இக்னோவின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், பணியில் இருக்கும் செவிலியருக்கென்றே உள்ள படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டு. கல்லூரியில் நேரடியாகப் படித்தால் 2 வருடம். இங்கே குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 5 வருடம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும்.

முதலில் தகுதியைப் பாருங்கள். பிளஸ் டூவும் ஜி.என்.எம்.மும் முடித்தவருக்கு, ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலியர், தாதி) பதிவுக்குப் பிறகு 2 வருட அனுபவம் வேண்டும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்தவர்களுக்கு அதுவே 5 வருடம். ‘பதிவுக்குப் பிறகு’ என்ற இடத்தில்தான் பலருடைய கணக்கு தவறுகிறது. படிப்பு முடிந்த மறுமாதமே வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள், பதிவுச் சான்று கைக்கு வர மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த இடைப்பட்ட மாதங்கள் அனுபவத்தில் சேராது. சான்றில் உள்ள பதிவுத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

அனுபவச் சான்றில் வேலைக்குச் சேர்ந்த தேதி, பதவி, இன்றுவரை பணியில் இருக்கிறீர்கள் என்ற வரி, கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். ‘சில ஆண்டுகளாகப் பணிபுரிகிறார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மருத்துவமனை மாறியிருந்தால் பழைய இடத்திலும் சான்று வாங்க வேண்டும். பாண்ட் (இத்தனை காலம் வேலை செய்வதாக எழுதித் தந்த ஒப்பந்தம்), சம்பளப் பாக்கி என்று அங்கே ஏதாவது இழுபறி இருந்தால், விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைவதற்கு நாள் போதாது.

இதைவிட முக்கியமானது செய்முறைப் பயிற்சி. பாடங்களை நீங்கள் நள்ளிரவில் படிக்கலாம், பேருந்தில் படிக்கலாம், ஒரு மாதம் தள்ளியும் படிக்கலாம். வார்டு மணி நேரத்தை அப்படித் தள்ள முடியாது. படிப்பு மையமாக உள்ள நர்சிங் கல்லூரி எந்த நாட்களில் செய்முறை வகுப்பு வைக்கிறதோ, அந்த நாட்களில் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். மீதிப் பயிற்சியை வேலை செய்யும் இடத்தில் செய்து, லாக் புக் என்ற பயிற்சிப் பதிவேட்டில் பதிய வேண்டும். உங்களுக்கு ஐ.சி.யூ. அனுபவம் இருக்கிறது. ஆனால் தாய்சேய் நலம், குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம் ஆகிய நான்குக்கும் உங்கள் மருத்துவமனையில் நோயாளிகள் இருக்கிறார்களா? இல்லையென்றால் அந்தப் பயிற்சியை எங்கே செய்வது என்று சேருவதற்கு முன்பே மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வையுங்கள். படிப்பு நடுவில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புத்தகத்தைக் கண்டு பயந்து விட்டவர்கள் குறைவு.

மையம் எந்த ஊரில் இருக்கிறது, நைட் டூட்டி முடித்துக் காலையில் கிளம்பினால் வகுப்புக்குள் போய்ச் சேர முடியுமா என்றும் பாருங்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் வாய்மொழியாக அனுமதி கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருப்பவர் மாறினால் வாய்ச்சொல் அவரோடு போய்விடும்.

லாக் புக் பற்றி ஒன்று. செய்த வேலைக்கு அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். ‘மாசக் கடைசியில் மொத்தமா போட்டுக்கலாம் சிஸ்டர்’ என்று விட்டால், அதற்குள் இன்சார்ஜ் சிஸ்டர் வேறு வார்டுக்கு மாறியிருப்பார். தான் பார்க்காத வேலைக்குப் புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, மற்ற நாள் வேலைக்குப் போகலாம், நான்கு வருடத்தில் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

கொடுக்காதீர்கள். பிளஸ் டூ முடித்தவர் சேரும் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் இந்தியாவில் முழுநேரப் படிப்பு மட்டுமே. அஞ்சல் வழியிலும் இல்லை, வாரக் கடைசி வகுப்பாகவும் இல்லை. கவுன்சிலின் இப்போதைய பாடத்திட்டத்தில் ஒரு பருவம் 20 வாரம். வகுப்பறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) என்றால் 20 மணி நேரம், வார்டு பயிற்சிக்கு ஒரு கிரெடிட் என்றால் 80 மணி நேரம். கடைசிப் பருவத்தில் இன்டர்ன்ஷிப் வாரத்துக்கு 48 மணி நேரம். சனி, ஞாயிறில் இதை எப்படி அடைக்க முடியும்?

அப்படித் தரும் சான்றிதழை வைத்து மாநில கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாதவர் செவிலியராக வேலை செய்ய முடியாது. இக்னோ படிப்பைக் காட்டி ‘அதுபோலத்தான் இதுவும்’ என்று அவர் சொல்லக்கூடும். இக்னோவில் சேர்பவர் ஏற்கெனவே ஜி.என்.எம். படித்துப் பதிவு பெற்ற செவிலியர். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில், பட்டம் தரும் பல்கலைக்கழகம் (பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்) மூன்றின் பட்டியலிலும் பெயரைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். வீட்டில் வருமானம் அவசரமாகத் தேவை என்றால், ஜி.என்.எம். படித்து, வேலைக்குப் போய், பிறகு போஸ்ட் பேசிக் படிப்பது நேர்மையான, நிதானமான வழி.

2022-ல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மூன்றாம் பருவம் முடித்ததும் நின்றுவிட்டேன். உடற்கூறியல்-உடலியங்கியல் தாளும், பயோகெமிஸ்ட்ரி-நியூட்ரிஷன் தாளும் அரியர். மறுபடி முதலிலிருந்து சேர வேண்டுமா?
– வாசகி, விருதுநகர்

வேண்டியதில்லை. 2021-22 முதல் வந்த பருவமுறையில், சேர்ந்த நாளிலிருந்து 8 வருடத்துக்குள் படிப்பை முடிக்கலாம். உங்களுக்கு 2030 வரை அவகாசம் இருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு எழுதி, அவர் வழியாகப் பல்கலைக்கழகத்தில் இடைவெளிக்கு மன்னிப்பும் மறுசேர்க்கை அனுமதியும் வாங்குங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகல்களை இணையுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் வகுப்பில் உட்கார வேண்டாம். அந்த வருகைப் பதிவு செல்லாது என்று பின்னால் சொன்னால் ஒரு பருவம் வீணாகும்.

அரியரோடு நான்காம் பருவ வகுப்புக்குப் போகலாம். ஆனால் ஐந்தாம் பருவத் தேர்வு எழுதும் முன் அதற்கு முந்தைய எல்லாத் தாள்களும் தேறியிருக்க வேண்டும். ஏழாம் பருவத் தேர்வுக்கு முன்னும் அதே விதி. எனவே மறுசேர்க்கைக்குக் காத்திருக்கும் மாதங்களை இந்த இரண்டு தாள்களுக்குக் கொடுங்கள். இரண்டில் உடற்கூறியலை முதலில் எடுங்கள். அது கைவசமானால் நான்காம் பருவத்தின் பெரியோர் நலப் பாடம் பாதி இலேசாகும்.

வருகைப் பதிவில் 80 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வார்டு நாட்களை விட்டுவிடாதீர்கள். பட்டம் வாங்கும் முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். நின்ற பருவத்தில் எந்த வார்டில் எத்தனை மணி நேரம் குறைகிறது என்று கல்லூரியில் இப்போதே எழுத்தில் வாங்கி, விடுமுறை நாட்களில் ஈடு செய்துகொண்டே வாருங்கள். இறுதி வருடத்துக்குச் சேர்த்து வைத்தால் இன்டர்ன்ஷிப்போடு மோதும்.

நான் ஆண் செவிலியர். ஜி.என்.எம்.மில் மகப்பேறு படிக்கவில்லை. இக்னோவில் சேர முடியாதா?
– வாசகர், நாகர்கோவில்

சேரலாம். மகப்பேறுக்குப் பதிலாக, கவுன்சில் குறிப்பிட்ட நர்சிங் பிரிவு ஒன்றில் 6 முதல் 9 மாதச் சான்றிதழ்ப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். காலத்திலேயே அப்படி ஒரு பயிற்சி கொடுத்திருப்பார்கள். அதற்கான தனிச் சான்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் மட்டும் இருந்தால், படித்த நர்சிங் பள்ளியில் தனிச் சான்று கேட்டு வாங்குங்கள்.

இக்னோவில் போஸ்ட் பேசிக் முதல் வருடம். மாதம் பத்து நாள் நைட் டூட்டி. பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தும் கேர் பிளானில் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம் எழுதுவதில்) மதிப்பெண் குறைகிறது. எப்படிப் படிப்பது?
– வாசகி, வேலூர்

நேரத்தை வாரக் கணக்கில் வகுக்காதீர்கள், டூட்டி சார்ட்டின்படி வகுத்துக்கொள்ளுங்கள். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். நைட் டூட்டி நாட்களில் புதுப்பாடம் எடுக்க வேண்டாம். தூக்கம் கெட்ட மூளையில் பயோகெமிஸ்ட்ரி ஏறாது, டூட்டியில் மருந்து அளவும் தவறும். அந்த நாட்களில் படித்ததைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். மதிய ஷிப்ட் வாரத்தின் காலை நேரம்தான் உங்கள் மூலதனம். தினம் இரண்டரை மணி நேரம் கிடைத்தால் கனமான பாடத்தை அங்கே வையுங்கள். அசைன்மென்ட்டை, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கேர் பிளான் விஷயம் வேறு. அனுபவசாலிகளுக்குத்தான் இதில் மதிப்பெண் குறையும். கை தானாகச் செய்துவிடுவதால் காரணத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள் நோயாளி. ‘வலி இருந்தது, ஊசி போடப்பட்டது, நோயாளி நலம்’ என்று வார்டு நோட்ஸில் எழுதுவது பழக்கம். தேர்வாளர் கேட்பது இது: வலி அளவு பத்துக்கு 7, மூச்சு நிமிடத்துக்கு 26, ஆழமில்லை, இருமப் பயப்படுகிறார். இதிலிருந்து நர்சிங் டயக்னோசிஸ் (செவிலியர் கண்டறியும் பிரச்சினை): தையல் வலியால் ஆழ்ந்து மூச்செடுக்க முடியாமை. இலக்கு: நாளைக் காலைக்குள் வலி 3-க்குக் கீழ், மூச்சு 20-க்குக் கீழ். செய்தவை: வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு உட்கார வைத்தது, தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடித்து இருமக் கற்றுக்கொடுத்தது, விழித்திருக்கையில் மணிக்குப் பத்து முறை ஸ்பைரோமீட்டர் (ஆழ்ந்து மூச்சிழுக்கப் பழக்கும் கருவி). ஒவ்வொன்றின் எதிரிலும் ஏன் என்று ஒரு வரி: மூச்சு ஆழமில்லாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், நிமோனியா வரும். கடைசியில் மறுநாள் அளந்த எண். ‘நலம்’ என்ற சொல்லை எழுத விடாமல் கையைப் பழக்குங்கள். அந்த இடத்தில் ஓர் எண் வரட்டும்.

மேலே எம்.எஸ்சி. எண்ணம் இருந்தால், பட்டத்தில் மொத்தம் 55 சதவீதம் வேண்டும் என்பதை இப்போதே நினைவில் வையுங்கள். வெறும் தேர்ச்சி அங்கே போதாது.

மெல்பர்னில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை. நிரந்தர வசிப்பு அனுமதி உண்டு. பகுதி நேரமாக பாச்சலர் ஆஃப் நர்சிங் படித்தால் வேலையும் தொடரலாமா?
– வாசகி, மெல்பர்ன்

வகுப்புகளைப் பொறுத்தவரை தொடரலாம். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடமாக விரித்துக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. பிளேஸ்மென்ட் எனப்படும் வார்டு பயிற்சி வேறு. பட்டத்துக்குக் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம், சிமுலேஷன் (பொம்மை நோயாளியை வைத்துச் செய்யும் பயிற்சி) அதில் சேராது. பகுதி நேர மாணவரும் அதைப் பெரும்பாலும் முழுநேர ஷிப்ட்களாகவே, தொடர்ந்து சில வாரங்கள் செய்ய வேண்டியிருக்கும். இடத்தையும் ஷிப்ட்டையும் பல்கலைக்கழகம் ஒதுக்கும். வருடாந்திர விடுப்பை ஊருக்குப் போகச் செலவழிக்காமல் அந்த வாரங்களுக்கு வைத்திருங்கள். 2025 ஜூலை முதல் பிளேஸ்மென்ட் காலத்துக்கு அரசு உதவித்தொகை ஒன்று உண்டு. வருமானம், வேலை நேரம் பார்த்துத் தருவார்கள்.

இன்னொரு பாதையும் உங்களுக்குப் பொருந்தும். முதலில் டிப்ளமோ முடித்து என்ரோல்டு நர்ஸ் (பட்டம் பெற்ற பதிவு செவிலியருக்குக் கீழ்நிலைச் செவிலியர்) ஆனால் சம்பளம் உயரும், பிறகு பட்டப்படிப்பில் பெரும்பாலும் ஒரு வருடம் வரை கழித்துத் தருவார்கள். ஆறு வருடம் பராமரிப்பாளர் சம்பளத்தில் இழுப்பதைவிட இது தாங்கும் என்பது எங்கள் கருத்து. மாணவர் விசாவில் இருக்கும் தோழிகளுக்கு இந்தப் பகுதி நேர யோசனையைச் சொல்லாதீர்கள். அவர்கள் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும், வேலையும் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்குள்.

எந்தப் பாதையானாலும் போலீஸ் சான்றும் தடுப்பூசிப் பதிவும் இல்லாமல் வார்டுக்குள் விட மாட்டார்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அதன்பின் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. சேர்ந்த பிறகு தொடங்கினால் முதல் பிளேஸ்மென்ட் தவறிவிடும். விண்ணப்பிக்கும் வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.