போலந்தின் ஸமோஷ்ச் ஏன் இத்தாலிய ஊர் போல இருக்கிறது?

ஊருக்குத் திட்டம் போட்டவரே இத்தாலியர்தான். 1580-இல் போலந்தின் சான்சலர் (அரசரின் தலைமை அமைச்சர் போன்றவர்) யான் ஸமோய்ஸ்கி, தன் குடும்ப நிலத்தில் புது நகரம் எழுப்ப, பாதுவாவைச் சேர்ந்த பெர்னார்டோ மொராண்டோவிடம் பொறுப்பைக் கொடுத்தார். நடுச்சதுக்கம் 100 மீட்டருக்கு 100 மீட்டர். சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள். மழையிலும் நனையாமல் கடைக்குக் கடை போகலாம். வடக்கு ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் பூவேலைப்பாடுடன் ஆர்மீனிய வணிகர்களின் வீடுகள். என் கண்ணுக்கு ஊரிலேயே அழகானவை அவைதான்.

வணிகம் செழிக்க, ஆர்மீனியர்களோடு செபார்டிக் யூதர்களையும் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்கள்) ஸமோய்ஸ்கி குடியேற்றினார். 1594-இல் கல்விக்கழகமும் தொடங்கினார். 1648-இல் உக்ரைன் பகுதிப் போர்வீரர்களான கோசாக்குகளின் படையும் 1656-இல் சுவீடன் படையும் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை.

அப்புறம் நாஜிகள் வந்தார்கள். யூத சமூகத்தையே அழித்தார்கள். 1942-43-இல் சுற்றுவட்டாரப் போலந்து விவசாயிகளையும் ஊர் ஊராக விரட்டினார்கள். கட்டடங்கள் பெருமளவு தப்பின. 1992-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றன. பழைய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.