பற்றுச்சீட்டில் ஒரு கண்ணாடி, கையில் வேறொன்று

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): யாழ்ப்பாண நகரில் 85,000 ரூபா கொடுத்து 8×42 தொலைநோக்கி வாங்கினேன். பற்றுச்சீட்டில் 'பேக்-4 பிரிசம்' என்று உள்ளது. மாலையில் மங்கலாகத் தெரிகிறது. பறவை பார்க்கவும் வேட்டைக்கும் வாங்கியது. திருப்பிக் கொண்டுபோனபோது, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று கடைக்காரர் எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தார். இரண்டு மாதமாகிறது. வழக்குப் போடலாமா?

பதில்: அவமானத்தை விடுங்கள். மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது 'பேக்-4' என்ற சொல் மட்டுமே. தொலைநோக்கிக்குள் படிமத்தை நிமிர்த்தும் பிரிசத்துக்கான உயர்ரகக் கண்ணாடியின் பெயர் அது. விவரித்து விற்ற பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. மங்கலைப் பற்றிப் பேசினால், பார்த்து வாங்கியவருக்கு அது அங்கேயே தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். விவரணை பொய் என்றால் அந்தப் பதில் எடுபடாது.

நீங்கள் எழுதியபடி உங்களுடையது போரோ வகை, அதாவது முன்வில்லையும் கண்வில்லையும் ஒரே நேர்கோட்டில் இல்லாத பழைய வடிவம். கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி (சூரியனை அல்ல) கண்வில்லையைப் பாருங்கள். சுமார் 5 மில்லிமீற்றர் ஒளிவட்டம் தெரியும். பேக்-4 என்றால் அது முழு வட்டம். மலிவான பிகே-7 கண்ணாடி என்றால் ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுப்பட்டு, சதுரம்போல் இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

நான் பயப்படுவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு. "மருமகன் திருப்புளியோடு வந்து திறந்து பார்ப்பான்" என்கிறீர்கள். தொடவிடாதீர்கள். திறந்த பிறகு, பிரிசத்தை நீங்களே குழப்பினீர்கள் என்பார் கடைக்காரர். சொந்தப் பொருளாக நடத்தினால் ஏற்றுக்கொண்டதாகவும் ஆகிவிடும். நட்டஈடு கேட்கலாம், திருப்பிக் கொடுக்க முடியாது. என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர், கடைக்குக் கடிதம் எழுதியபடியே அதே தொலைநோக்கியோடு சுண்டிக்குளத்தில் பூநாரை பார்த்துக்கொண்டிருந்தார். சமரசப் பேச்சில் கடைக்காரர் வேறெதையும் காட்டவில்லை. வியர்வை உப்பில் வெளுத்த கழுத்துவாரைத்தான் தூக்கிக் காட்டினார்.

ஆகவே இன்றே பெட்டிக்குள் வைத்து, நிராகரிக்கிறேன் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூல முறைப்பாடு விற்பனையிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம்.

வேட்டை என்ற சொல் உங்கள் வழக்குக்குத் தேவையே இல்லை. 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டத்தில் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. உண்மையிலேயே அந்த எண்ணம் இருந்தால், முதலில் அதைக் கைவிடுங்கள்.

வழக்கென்றாலும் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். கடைக்காரர் 65,000 தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்ச 20,000 என் கட்டணத்துக்கே காணாது.