சுவிட்ச் எங்கே போனது? தாவல் அட்டவணை பற்றிய கேள்வி பதில்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் பைனரி ஆய்வு (கம்பைலர் இயந்திரக் கட்டளைகளாக மாற்றிய நிரலைத் திறந்து வாசிப்பது) பழகும் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை. சுருக்கியிருக்கிறேன். பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு கோபத்தோடு கேட்டிருந்தார்கள்.

அறிவியல் நகர் மாணவர்: அக்கா, சி மொழியில் ஓர் எண்ணைப் பார்த்து எட்டு வழிகளில் (கேஸ்) ஒன்றுக்குப் போகும் சுவிட்ச் எழுதினேன். கம்பைல் செய்து திறந்து பார்த்தால் ஒரு கேஸையும் காணவில்லை. ரெஜிஸ்டரைப் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பார்த்துத் தாவும் ஒரு கட்டளை மட்டும் நிற்கிறது.

கேஸ் எண்கள் நெருக்கமாகவும் நாலைந்துக்கு மேலும் இருந்தால் கம்பைலர் பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஒப்பிடாது. போகவேண்டிய இடங்களை ஓர் அட்டவணையில் அடுக்கிவிட்டு, எண்ணுக்குரிய கட்டத்தை எடுத்துத் தாவும். ஜம்ப் டேபிள், அதாவது தாவல் அட்டவணை என்பது இதுதான். அதைத் தவிர்க்கச் சொல்லும் தெரிவு ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் உண்டு. இரண்டு விதமாகவும் கம்பைல் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முழங்காவில் மாணவி: முழு முகவரி அட்டவணை, சார்பு அட்டவணை என்கிறார்கள். எதற்கு இரண்டு?

ஏ9 வீதியில் "155ஆம் கட்டைக்கு (மைல்கல்லுக்கு) வா" என்றால் அது முழு முகவரி. "முறிகண்டிப் பிள்ளையாரிலிருந்து தெற்கே இரண்டு கட்டை" என்றால் சார்பு. வீதி முழுவதையும் தூக்கி வேறிடத்தில் வைத்தால் முதல் வழி கெட்டுவிடும், இரண்டாவது கெடாது. இன்றைய நிரல்கள் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் வேறிடத்தில் ஏற்றப்படுகின்றன. உபுண்டு 16.10 முதல் அப்படி ஏற்றத்தக்க நிரலையே ஜிசிசி இயல்பாக உருவாக்குகிறது. முழு முகவரிகளை வைத்தால் ஏற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் திருத்தவேண்டும். தூரத்தை வைத்தால் திருத்த ஒன்றுமில்லை. 64 பிட் இன்டெல் கணினியில் கட்டம் 8 பைட்டிலிருந்து 4 பைட்டாகவும் சுருங்குகிறது.

புதுக்குடியிருப்பு: அட்டவணையை வாசிக்கப் பைதனில் ஸ்கிரிப்ட் எழுதினேன். வரும் முகவரிகள் எல்லாம் 429 கோடிக்கு மேல்!

எண்ணின் குறியை (நேரா, எதிர்மறையா என்பதை) விட்டுவிட்டீர்கள், தம்பி. லினக்ஸில் அட்டவணை வழக்கமாக நிரல் பகுதிக்குப் பின்னால் இருக்கும். ஆகவே தூரம் பின்னோக்கியது, எதிர்மறை எண். அட்டவணை 8192இல் தொடங்கி, கட்டத்தில் −3712 இருந்தால் இலக்கு 4480. குறியில்லா எண்ணாக வாசித்தால் அதே கட்டம் 4294963584 ஆகிவிடும்.

வவுனியா: அதே ஸ்கிரிப்டை அன்ட்ரொயிட் கோப்பில் ஓட்டினேன். குறியைச் சரிபார்த்தும் எல்லாம் பிழை.

இதற்காகத்தான் இந்தப் பகுதியையே எழுதுகிறேன். "சார்பு" என்றதும் எல்லாரும் அட்டவணையின் தொடக்கத்திலிருந்து அளக்கிறார்கள். எதிலிருந்து அளப்பது என்பதைக் கம்பைலர்தான் தீர்மானிக்கிறது. அன்ட்ரொயிட் கைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம் வகைச் செயலி. 64 பிட் ஆர்ம் நிரலில் பல நேரம் கட்டம் 1 அல்லது 2 பைட். அதை 4ஆல் பெருக்கி, நிரலுக்குள்ளேயே உள்ள ஓரிடத்தோடு கூட்டவேண்டும். ஒவ்வொரு கட்டளையும் 4 பைட் என்பதால் அந்தச் சிக்கனம். ஆர்மின் பழைய 32 பிட் தம்ப் கட்டளை வகையில் பெருக்குவது 2ஆல், அட்டவணை வழக்கமாகத் தாவும் கட்டளைக்கு அடுத்தே கிடக்கும். மைக்ரோசொப்ட் கம்பைலரின் 64 பிட் கோப்புகளில் கோப்பு ஏற்றப்பட்ட தொடக்க முகவரியிலிருந்து அளக்கவேண்டும். 32 பிட் இன்டெல் பகிர்வு நூலகத்தில் அளவுகோல் இன்னொரு அட்டவணை!

எனவே பைட்டுகளை உற்றுப் பார்த்து ஊகிக்காதீர்கள். தாவும் கட்டளைக்கு மேலேயுள்ள நாலைந்து வரிகளை வாசியுங்கள். எத்தனை பைட் ஏற்றப்படுகிறது, குறியோடா, பெருக்கல் உண்டா, எதோடு கூட்டப்படுகிறது? கூட்டலே இல்லையென்றால் அது முழு முகவரி.

மாங்குளம்: அட்டவணை எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?

அட்டவணையில் அது எழுதியிருக்காது. தாவலுக்கு முன் ஓர் எல்லைச் சோதனை இருக்கும். 7ஐவிடப் பெரிதானால் டிஃபோல்ட்டுக்குப் (எந்தக் கேஸும் பொருந்தாதபோது போகும் வழி) போ என்றிருந்தால் கட்டங்கள் 8. கேஸ் 10இலிருந்து தொடங்கினால் முதலில் 10ஐக் கழித்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். சோதனையைத் தவறவிட்டால் முழு முகவரி அட்டவணை ஓரளவு காப்பாற்றும். நிரல் பகுதிக்கு வெளியே போகும் எண் வந்ததும் நிறுத்திவிடலாம். சார்பு அட்டவணை அப்படிக் காப்பாற்றாது. அடுத்த அட்டவணையின் தூரங்களை இந்த அட்டவணையிலிருந்து அளந்தாலும் நிரலுக்குள்தான் எங்கோ விழும், சில வேளை ஒரு கட்டளையின் நடுவில். நான் ஒருமுறை 12 கட்டத்தை 19 என்று வாசித்து, இல்லாத ஏழு கேஸுக்கு ஒரு நாள் முழுக்க விளக்கம் தேடியிருக்கிறேன்.

வட்டக்கச்சி: இது படித்தால் ஹேக்கர் ஆகலாமா?

முதலில் எதிர்மறை எண்ணைச் சரியாக வாசிக்கலாம்.

முல்லைத்தீவு ஆசிரியர்: கீட்ரா என்ற பைனரி ஆய்வுக் கருவி அட்டவணையை மீட்க முடியவில்லை என்று எச்சரிக்கை தருகிறது. மாணவருக்கு என்ன சொல்வது?

ரீச்சர், மேலே சொன்ன கணக்கைக் கையால் செய்து இலக்குகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பின்னர் தாவும் கட்டளையிலிருந்து ஒவ்வொரு இலக்குக்கும் 'கணக்கிட்ட தாவல்' வகைக் குறிப்பு இட்டு, கீட்ராவோடு வரும் 'சுவிட்ச் ஓவர்ரைட்' ஸ்கிரிப்டை ஓட்டினால் காணாமற்போன கேஸ்கள் திரும்பிவரும். ஐடா என்ற இன்னொரு கருவியில் அட்டவணையின் இடம், கட்ட அளவு, அடி முகவரி (எதிலிருந்து அளப்பது) ஆகியவற்றைக் கேட்கும் படிவமே இருக்கிறது. அதை நிரப்பத் தெரிந்த மாணவருக்கு வேறு பரீட்சை வைக்கவேண்டாம்.