மாந்தோப்பை விற்க வேண்டாம், அண்ணா

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் அப்பா, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு அவளோடு என்னிடம் வந்தார். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பாப்பாவுக்கு வேதியியல் என்றால் உயிர். பெங்களூரில் இருக்கும் தாய்மாமாவோ கம்ப்யூட்டர் சயின்ஸில் மேனேஜ்மென்ட் சீட் பேசிவிட்டாராம். தோப்பில் பாதியை விற்றால் போதுமாம்.

அண்ணா, பயப்படாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த சீட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். கோடிங் பிடிக்காத பெண் நாலு வருஷம் அரியரோடு மல்லுக்கட்டினால் மாமாவா பணத்தைத் திருப்பித் தருவார்?

நீட், பி.எட். பற்றி ஊரே சொல்லும், விடுங்கள். பாப்பா என்னிடம் கேட்டது இது: "நாற்றம் வராத சாக்ஸில் வெள்ளித் துகள் இருக்காமே, துவைத்தால் அது எங்கே போகும் சார்?" இந்தக் கேள்விக்கென்றே நானோ நச்சியல் என்று ஒரு துறை இருக்கிறது. மிக நுண்ணிய நானோ துகள்கள் உயிர்களுக்கு என்ன கேடு செய்யும் என்று பார்ப்பது அது.

1 முதல் 100 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) அளவுள்ள துகள்கள் அவை. வெள்ளித் துகள் கரைந்து அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்களை, விடும், அவை கிருமியைக் கொல்லும். சாக்கடைக்குப் போனால் அங்கே கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகும். எளிதில் கரையாததால் நச்சு குறையும். சன்ஸ்கிரீனில் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு துகளோ கரையவே கரையாது, ஆனால் வெயில் பட்டால் அதன் மேல்பரப்பில் செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் உண்டாகும். நம் போர்வெல் போன்ற கடினநீரில் துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாகச் சேர்ந்து அடியில் படியும். இலைதழை மட்கிய நீரிலோ வெகுநேரம் மிதக்கும். எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் நச்சைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆய்வகத்தில் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளை 48 மணி நேரம் நானோ துகள் கலந்த நீரில் விட்டு, எத்தனை அசையாமல் போகின்றன என்று எண்ணுவார்கள். துகள் அடியில் படிந்துவிட்டால் தாளில் எழுதிய அளவு வேறு, தெள்ளுக்குப் போன அளவு வேறு. அதைக் கண்டுபிடிக்க வேதியியல் ஆள்தான் வேண்டும். நானோ துகள் வடிவிலான திரவ உரம், நானோ யூரியா, 2021இல் சந்தைக்கு வந்துவிட்டது. இப்படி வரும் ஒவ்வொன்றையும் யாராவது சோதிக்க வேண்டாமா?

(ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை வேறு கதை, அது நானோ துகள் இல்லை, கழிவுநீரும் சோப்பும். ஆனால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்தபோது அங்கே பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தவள் பாப்பா.)

தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அப்புறம் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. அதன்பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் அரசே தரும். லக்னோவில் மத்திய அரசின் நச்சியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இங்கே சென்னை பக்கம் படப்பையிலும் நச்சியல் சோதனைக்கூடம் உண்டு.

பி.எஸ்சி.யோடு நின்றால் இந்த வேலை கிடைக்காது. ஐந்து வருஷம் படிக்க வேண்டும், அதுவரை கல்யாணப் பேச்சு எடுக்காதீர்கள். சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். மாமாவிடம் நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள்.