டேப்பட் சத்தமா? முதல்ல வண்டியை சமமான எடத்துல நிறுத்துங்க

டீசல் கார்ல ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்துல வால்வு இடைவெளிய தானா சரி பண்ற குட்டி உருளை, டேப்பட்னும் சொல்வாங்க) டிக்டிக்னு அடிக்குது, மாத்தித்தான் ஆகணுமான்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க, நான் 16 லிஃப்டரையும் மாத்த அட்வான்ஸ் குடுக்கப் போனவன்.

வீடு கோத்தகிரி பக்கம், வண்டில 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின். ஜனவரி உறைபனில காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச செகண்ட் அடிச்சிட்டு அடங்கும், அது சகஜம்ங்க, ராத்திரி லிஃப்டருக்குள்ள இருந்து வடிஞ்ச ஆயில் திரும்ப ரொம்பற வரைக்கும் அப்படித்தான். ஆனா எனக்கு ஒரு மாசமா தலைகீழா ஆச்சு, காலைல கம்முனு இருக்கு, மேட்டுப்பாளையம் போயிட்டு மலை ஏறி வந்தா டிக்டிக்.

இங்க ஒரு மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதும் லிஃப்டர் செட்டே போச்சுன்னுட்டாரு. மலைக்குக் கீழ ஒரு மெக்கானிக் பெரியவர் வண்டியத் தொடவே இல்ல, "வீட்ல எங்கீங்க நிறுத்தறீங்க?"ன்னாரு. சரிவுலதான், வேற எங்க நிறுத்தறது. அந்த சரிவுலயே டிப் ஸ்டிக் (ஆயில் அளவு காட்டற கம்பி) பாத்து, கொறைவா காட்டுதுன்னு நானே ஊத்திட்டு இருந்திருக்கேன். சமதளத்துல பாத்தா மேல் கோட்டத் தாண்டி நிக்குது! இன்ஜினுக்கு அடில சுத்தற கிராங்க் தண்டு அதைக் கடைஞ்சு நுரையாக்கி, அந்தக் காத்து லிஃப்டருக்குள்ள போயிடுது, ஆயிலை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாமே, அதான் இடைவெளி விழுந்து தட்டுது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வடிச்சாரு, ரெண்டு நாள் ஓட்டின பிறகு சத்தம் போச்சு. (டீசல்ல ஆயில் ரொம்ப ஏறினா சாவிய ஆஃப் பண்ணாலும் இன்ஜின் நிக்காம ஓடற ஆபத்தும் உண்டு.)

பிஎஸ் 6 வண்டின்னா நீங்க ஊத்தாமயே லெவல் ஏறும், டிபிஎஃப் (புகைக் கரிய புடிக்கற ஃபில்டர்) சேந்த கரிய எரிக்கறப்ப டீசல் ஆயில்ல கலந்துடும், பக்கத்து ஊருக்கு மட்டும் ஓட்டறவங்களுக்கு இது ஜாஸ்தி. ஆயில் தண்ணியாகி லிஃப்டர் கத்தும்.

லெவல் சரியா இருந்தும் அடிச்சா டீசல் பீச்சற இன்ஜெக்டரான்னு பாருங்க, லிஃப்டர் மாதிரியே அதுவும் கிராங்க் ரெண்டு சுத்துக்கு ஒரு தட்டுதான், அதே தாளம், காதை நம்பாதீங்க. ஐடில்ல ஒவ்வொரு இன்ஜெக்டரா ஒயர் கனெக்டரைக் கழட்டினா, எதுல சத்தம் நிக்குதோ அதான் ஆளு. பழைய டீசல் மாதிரி பைப் நட்டை மட்டும் லூஸ் பண்ணிடாதீங்க சாமி, காமன் ரெயில்ங்கற பொதுக் குழாய்ல இருக்கற டீசல் பிரஷர் கையையே தொளைச்சிடும்.

அதுவும் இல்லன்னா ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாக்க சொல்லுங்க, இன்ஜின் மேல் கவரைத் தொறக்கறது கடைசில. கேம் (வால்வைத் தொறக்க சுத்தற மேடு) அழுத்தாத நிலைல ராக்கரை (லிஃப்டர் மேல உக்காந்திருக்கற நெம்பு) அமுக்கினா ஸ்பாஞ்ச் மாதிரி எறங்கற லிஃப்டர்தான் சந்தேகம்.

ஆமா, உங்க வண்டில சத்தம் காலைலயா, மலை ஏறி வந்த பிறகா? அதை சொல்லவே இல்லையே.