ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

கேள்வி: சுதந்திர தினத்தில் கொடி ஏற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவதைத் தாண்டி, இந்தியா எந்த லட்சியங்களோடு தொடங்கியதோ அவற்றுக்கு ஒரு சாதாரண ஆள் எப்படி மரியாதை செய்வது?

நான் சொல்லப்போவது ஒரே ஒரு வேலைதான். அன்று தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை, அதாவது ஊர்த் தேவைகளை வாக்காளர்களே பேசும் கூட்டம், நடக்கும். போய் உட்காருங்கள்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். லட்சியம் பற்றிக் கேட்டால் தெருவிளக்கு பற்றிப் பேசுகிறாயே என்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

2022 ஆகஸ்ட் 15. சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவு. வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன வருடம். அதற்கு முன்னதாகக் கொடிச் சட்டத்தைத் தளர்த்தி, பாலியஸ்டர் துணியிலும் கொடி செய்யலாம், இரவிலும் பறக்கவிடலாம் என்று மாற்றியிருந்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் கொடி இல்லாத வாசலே இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் கொடியேற்றியவர் தலைவர், ஒரு பெண். கயிறு அவர் கையில் இருந்தது. பக்கத்தில் நின்று "ம், இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவருடைய வீட்டுக்காரர்.

கொடி ஏறியதும் வழக்கம்போல நான் கிளம்பினேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, "எங்கப்பா போற? இனிமேதான கூட்டமே" என்றார். வெட்கமாகிவிட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வந்துவிட்டது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கை சேர்ந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ஊராட்சி செயலர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்தார். நடுநாற்காலியில் தலைவரின் கணவர். தலைவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

அப்போது அதே பாட்டி கேட்டார்: "தலைவரு அந்தப் பொண்ணுதான? அது ஏன் நிக்குது?"

கணவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். தலைவர் உட்கார்ந்தார், பட்டும் படாமல். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அரசியலமைப்பின் முகவுரையை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சமத்துவம் என்று அதில் எழுதியிருப்பது இந்த நாற்காலியைப் பற்றியும்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஞாபகம் வந்தது 1951-52 பொதுத்தேர்தல். 21 வயதான எல்லோருக்கும் வாக்கு என்று முடிவுசெய்து நடத்திய முதல் தேர்தல் அது. வாக்காளர் பட்டியல் தயாரிக்கப் போனவர்களிடம், பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் தங்கள் பெயரையே சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். ஆனால் வாக்கு அந்தப் பெண்ணுடையது, அவள் வீட்டுக்காரருடையது இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்று தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு. அலுவலகச் சுவரில் பெண்ணின் பெயர் இருக்கிறது. நாற்காலியில் வேறு ஆள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்டைத் தொடங்கியவர்களின் லட்சியம் என்று பேசும்போது, அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசியதைப் போல நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொண்டாட்டம். காந்தி கல்கத்தாவின் பெலியகட்டாவில் உண்ணாவிரதமும் பிரார்த்தனையுமாக இருந்தார். இங்கே பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அவருடைய தளபதியான அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை.

கிராம சபையே அப்படி ஒரு வாக்குவாதத்தில் பிறந்ததுதான். காந்திக்கு கிராமம்தான் சுயராஜ்யத்தின் அடிப்படை. அம்பேத்கருக்கோ கிராமத்தின் மேல் துளி மயக்கம் கிடையாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று பேசினார். அரசியலமைப்பின் வரைவில் ஊராட்சிக்கு இடமே இல்லை. பலரும் கோபப்பட்டார்கள். கடைசியில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கரும் ஏற்றுக்கொள்ள, 40-வது பிரிவு வந்தது. அது அரசுக்கு வழிகாட்டும் கொள்கையாக மட்டுமே இருந்தது. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்த பிறகுதான் கிராம சபைக்கு அரசியலமைப்பில் உறுதியான இடம் கிடைத்தது.

அம்பேத்கர் பயந்தது வீண் பயமா? 1997ல் மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித்தொகுதியாக்கிய ஊராட்சிகளுக்கு 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால்கூட, பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. "தீண்டாமை ஒரு பாவச் செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த மாநிலத்தில்தான் இது.

அதனால்தான் போகச் சொல்கிறேன். கிராமம் தானாக நல்லதாகிவிடாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். யாரும் அழைக்க வேண்டியதில்லை. போனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள். வரவு செலவுக் கணக்கை, அதாவது படிவம் 30-ஐ, எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறார்களா. அப்புறம், நீங்கள் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா. இந்த மூன்றாவதில்தான் நான் ஏமாந்தேன். ஊரின் கிழக்குக் கோடியில் பட்டியலின மக்கள் இருக்கும் தெருவில் விளக்கு இல்லை, சாக்கடையும் இல்லை என்று அன்று எழுந்து சொன்னேன். "சரி, எழுதிக்கிறோம்" என்றார்கள். பின்னால் யாரோ முனகினார்கள். நான் பெருமையோடு வீடு திரும்பினேன்.

அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், நான் பேசியதற்கு ஒரு வரிகூட இல்லை. என் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. அதாவது, நான் பேசாத தீர்மானங்களுக்கெல்லாம் ஒப்புதல் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து கூட்டம் முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கூட்டம் இல்லை. 2022 நவம்பரில் தொடங்கிய பகுதி சபைகள் இருக்கின்றன. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள்.

விடிய விடியத் தேசபக்திப் பாட்டு போடுவதில் எனக்கு வருத்தமில்லை. மிட்டாயையும் நான் விடுவதில்லை.

அந்த அக்டோபரில் தலைவர் நாற்காலியில் அவரே வந்து உட்கார்ந்திருந்தார். கணவர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். தலைவரே விளக்குக்கும் சாக்கடைக்கும் தீர்மானம் எழுதச் சொல்லி, எழுதியதைச் சத்தமாக வாசிக்கவும் சொன்னார். பொங்கலுக்குள் கிழக்குத் தெருவுக்கு நான்கு விளக்குகள் வந்தன. சாக்கடை இன்னும் வரவில்லை.