டேங்க் படம் ஒரே நீலமா வருதுண்ணே! – ரீஃப் தொட்டி கேள்வி பதில்

வீட்டில் கோரல், அதாவது பவளம், வளர்க்கும் கடல் தொட்டி (ரீஃப் தொட்டி) வைத்திருக்கும் மதுரை வட்டாரத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். மீன் நோய், மருந்து எல்லாம் இன்னொரு நாளைக்கு. இன்று தண்ணீரை அளப்பதும் படம் எடுப்பதும் மட்டும்.

திருநகர், கல்லூரி மாணவர்: அண்ணே, நேரில் பார்த்தால் என் ஸோவாந்திட் கோரல் பச்சையும் ஆரஞ்சுமா ஜொலிக்குது. போனில் எடுத்தா ஒரே நீலமா வருது. நல்ல போன் வாங்கினா சரியாகுமா?

போன் மேல் தப்பில்லை தம்பி, காசை மிச்சம் பண்ணுங்கள். ரீஃப் லைட்டில் பெரும்பகுதி 450 நானோமீட்டர் பக்கத்து நீலம். கேமராவின் நீலப் பகுதி நிரம்பி வழிகிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் வேலையே இல்லை. போனின் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) பெரும்பாலும் பத்தாயிரம் கெல்வின் பக்கத்தில் நின்றுவிடும். நம் லைட் அதற்கும் மேலே இருப்பதால் போன் என்ன முயன்றாலும் சரிசெய்ய முடியாது.

வழி இரண்டு. படம் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு நீலத்தைக் குறைத்து வெள்ளையை ஏற்றுங்கள். ஒளிரும் நிறம்தான் வேண்டும் என்றால் லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் வையுங்கள். இதற்கென்று விற்கும் கிளிப் ஃபில்டரே வாங்க வேண்டும் என்பதில்லை. கல்யாண வீடியோக்காரர்கள் லைட்டில் ஒட்டுகிற ஆரஞ்சு ஜெல் பேப்பரில் ஒரு துண்டு கேட்டால் கொடுப்பார்கள். ஒரு மடிப்பு போதாவிட்டால் இரண்டாக மடித்துப் பாருங்கள்.

அப்புறம், கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டு வேவ்மேக்கரை (தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நிறுத்துங்கள். தண்ணீரில் மிதக்கும் தூசி அடங்கட்டும். அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அதுவும் கண்ணாடியில் தெரியும். போனைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு நிறமும் வேறு வேறு அளவில் வளைந்து, கோரலின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு விழும். திரையில் கோரலைத் தொட்டு அழுத்தி ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். கொஞ்சம் இருட்டாக எடுத்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெந்துபோன பச்சையை மீட்க முடியாது. வேவ்மேக்கரைத் திரும்பப் போட மறக்காமலிருக்க அலாரம் வைத்துவிட்டே நிறுத்துங்கள்.

வில்லாபுரம்: வாராவாரம் படம் எடுத்து வைக்கிறேன். ஆனா போன மாசப் படத்தோட ஒப்பிட்டா ஒண்ணும் புரியலையே?

ஊருக்குக் காட்ட எடுக்கும் படம் வேறு, கண்காணிக்க எடுக்கும் படம் வேறு. இரண்டாவது அழகாக இருக்கத் தேவையில்லை, ஒரே மாதிரி இருந்தால் போதும். தரையில் டேப் ஒட்டி ஸ்டாண்ட் வைக்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள். லைட்டின் அதே கட்டத்தில், அதே வொயிட் பேலன்ஸில் எடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு வாரமும் போன் தன் இஷ்டத்துக்கு நிறம் போட்டுக்கொள்ளும்.

இரண்டு சின்ன வேலை. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனைக் கோரலுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் பிடித்து ஒரு படம் எடுங்கள். ஸ்பூன் எல்லா வாரமும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் கோரலின் நிற மாற்றத்தை நம்பலாம். அடுத்து, தேதி, ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு), நைட்ரேட், சாலினிட்டி (உப்பளவு) நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடி மூலையில் ஒட்டி அதையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். நோட்டு தொலையலாம், படத்தோடு இருக்கும் எண் தொலையாது. என்ன கேட்டாலும் "எல்லாம் நார்மல்" என்று பதில் சொல்பவர்களிடம் இந்தச் சீட்டுப் படங்களைத்தான் முதலில் கேட்பேன்.

மேலூர்: ஒரு கோரல் பாதி வெள்ளையாயிருச்சு. படம் அனுப்பியிருக்கேன். வெளுப்பா, சாவா?

நீங்கள் அனுப்பிய படம் ஒரு முழத்துக்கு அந்தப்பக்கமிருந்து எடுத்தது, அதில் சொல்ல முடியாது. கிளிப் மேக்ரோ லென்ஸ் போட்டு, வெள்ளையும் நிறமும் சந்திக்கும் கோட்டை மட்டும் எடுங்கள். வெள்ளைப் பகுதி மேல் கண்ணாடி மாதிரி வழவழப்பான சதையும் சின்னச் சின்னப் பாலிப் வாய்களும் தெரிந்தால் அது வெளுப்பு. உள்ளே இருந்த பாசி வெளியேறியிருக்கிறது, கோரல் உயிரோடுதான் இருக்கிறது. வெப்பத்தையும் லைட்டையும் குறைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. சதையே இல்லாமல் எலும்பின் சொரசொரப்பு தெரிந்து, ஓரத்தில் நார் நாராகத் தொங்கினால் திசு உரிகிறது என்று அர்த்தம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டி திடீரென்று ஏறியதா, இறங்கியதா என்பதை.

வெளுப்பு என்றால் முதல் சந்தேகம் சூடுதான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே கடல் நீர் 30 டிகிரிக்கு மேல் நீடித்துப் பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால் மேலூர் மாடி வீட்டுத் தொட்டியைக் கேட்க வேண்டுமா?

அண்ணா நகர், இல்லத்தரசி: நைட்ரேட் கலர் எனக்கு 10 மாதிரி தெரியுது, வீட்டுக்காரர் 25-ங்கிறார். யார் சொல்றது சரி?

அக்கா, இருவரும் தொட்டி லைட்டுக்குக் கீழே நின்று பார்த்தீர்களா? நீல வெளிச்சத்தில் இளஞ்சிவப்பைப் படித்தால் சண்டைதான் வரும். பகலில் ஜன்னல் பக்கம் வந்து, கிட்டின் நிற அட்டையையும் சோதனைக் குப்பியையும் ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வைத்தால் பிறகு ஆற அமரப் பேசிக்கொள்ளலாம். நைட்ரேட் கிட்டில் தூள் அடியில் தங்குவது உண்டு, போட்டதும் சொன்ன நேரம் வரை குலுக்குங்கள். நம் ஊர் வெயிலில் தொட்டி மேல் பலகையிலேயே கிட்டை வைத்தால் மருந்து சீக்கிரம் கெடும். வீட்டில் குளுமையான அலமாரி எதுவோ அதில் வையுங்கள். 10-ஆ 25-ஆ என்பதைவிடப் போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பதே கேள்வி. அதனால் இனி ஒருவரே பாருங்கள். யார் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

திருமங்கலம்: கால்சியம் 420-லேயே நிக்குது. ஆல்கலினிட்டி மட்டும் ஒரு வாரத்துல 9-லிருந்து 7-க்கு வந்திருச்சு. கிட் பொய் சொல்லுதா?

கிட் உண்மைதான் சொல்கிறது. கோரல் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே எடுக்கும். ஆனால் 1 டிகேஹெச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) போகும்போது கூடப் போகும் கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 7 பங்கு). உங்கள் கணக்கில் 2 டிகேஹெச்சுக்கு 14 பிபிஎம். 420-ல் 14 குறைந்தால் சொட்டு எண்ணும் கிட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். கைச்செலவுப் பணமும் வங்கி இருப்பும் மாதிரி: முதலில் தீர்வது சட்டைப்பைதான். அதனால்தான் கால்சியத்தை மாதம் ஓரிரு முறையும் ஆல்கலினிட்டியை வாரம் இரண்டு மூன்று முறையும் பார்க்கச் சொல்கிறேன். மக்னீசியம் 1250 முதல் 1350-க்குள் இருக்கிறதா என்று எப்போதாவது எட்டிப் பார்த்தால் போதும்.

ஏற்றுவதற்குக் கடை மருந்துதான் வேண்டும் என்றில்லை. சோடியம் பைகார்பனேட், அதாவது சுத்தமான ஆப்பசோடா போதும். பேக்கிங் பவுடர் வேறு, அதை எடுத்துவிடாதீர்கள். 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம். தொட்டியின் அளவை அப்படியே போடாமல் கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழியுங்கள். 200 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 160 கூட இருக்காது. ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ஏற்றிய பிறகு மூன்று நாள் ஒன்றும் ஊற்றாமல் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். தினம் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உங்கள் தொட்டியின் தினச் செலவு. அதைத் தினமும் ஊற்றினால் 7.5-ல் நின்றாலும் சரி, 9-ல் நின்றாலும் சரி. எட்டில் நிலையாக நிற்கும் தொட்டியை யாரோ சொன்னார்கள் என்று பதினொன்றுக்கு ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கெடுதல். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைவாக உள்ள தொட்டியில் அப்படி ஏற்றினால் கோரலின் நுனிகள் கருகும்.

கோ.புதூர்: சமையலறை ஆர்ஓ தண்ணியில உப்பு கலக்கலாமா?

முதலில் டிடிஎஸ் பேனாவை முக்கிப் பாருங்கள். 60, 80 என்று காட்டினால் ஆச்சரியமில்லை. குடிநீர் ஆர்ஓவில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையோ தாதுவையோ திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். கேன் தண்ணீருக்கும் இதே கதைதான். ரீஃபுக்கு வேண்டியது பூஜ்யம் அல்லது அதன் பக்கம். அந்தக் கலக்கும் வால்வை மூடி, கடைசியில் ஒரு டிஐ ரெசின் உருளை (மிச்சமிருக்கும் தாதுவைப் பிடிப்பது) சேர்த்தால் வந்துவிடும். போர்வெல் தண்ணீர் கடுமையாக உள்ள வீட்டில் ரெசின் சீக்கிரம் தீரும், அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள்.

உசிலம்பட்டி: கத்திரி வெயில்ல ஃபேன் வெச்சு 27-ல நிறுத்திட்டேன். ஆனா உப்பு ஏறிக்கிட்டே போகுது.

ஃபேன் குளிர்விப்பதே ஆவியாக்கித்தான். உலர்ந்த காற்று உள்ள நம் ஊரில் அது நன்றாக வேலை செய்யும், அதற்குத் தண்ணீர்தான் விலை. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கிறது. 200 லிட்டரில் 6 லிட்டர் போனால் 35 என்ற சாலினிட்டி 36-ஐத் தாண்டும். போனதை வெறும் ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. சம்ப்பில் (கீழே இருக்கும் துணைத் தொட்டி) ஒரு கோடு போட்டுக் காலையும் மாலையும் நிரப்புங்கள், முடிந்தால் ஆட்டோ டாப்-அப் வாங்குங்கள்.

உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35-ல் சரிபார்க்க வேண்டும். கடைத் திரவம் கிடைக்காவிட்டால் 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அது கருவியில் 35 காட்ட வேண்டும்.

திருப்பரங்குன்றம்: காலையில பிஹெச் 7.8, சாயங்காலம் 8.2. ஏத்தணுமா?

வேண்டாம். இரவில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் இறங்குகிறது, பகலில் ஒளிச்சேர்க்கையால் ஏறுகிறது. ஏசி அறையைப் பூட்டியே வைத்திருந்தால் இன்னும் இறங்கும், ஜன்னலைத் திறங்கள்.

திருநகர், இன்னொருவர்: பாஸ்பரஸ் செக்கர் 12 காட்டுது, பயப்படணுமா?

அது பாஸ்பரஸ், பிபிபி (நூறு கோடியில் பங்கு) கணக்கு. 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் 0.037 பிபிஎம். அருமையான அளவு. குப்பியில் கைரேகை இருந்தால் எண் தவறும், துணியால் துடைத்து வையுங்கள்.

பழங்காநத்தம்: ராமேஸ்வரம் போறப்போ கரையில கிடக்கிற பவளக் கல்லும் நாலு கேன் கடல் தண்ணியும் எடுத்துட்டு வரலாமா?

கல்லைத் தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டானாலும் வழக்குதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கோரல் வாங்கும்போதும் கடைக்காரரிடம் பில்லும் இறக்குமதி ஆவணமும் கேளுங்கள், தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீரைப் பொறுத்தவரை கரையோரத்தில் கலங்கல் அதிகம், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பாக் நீரிணைப் பக்கம் உப்பளவும் இறங்கிவிடும். ஆர்ஓவில் உப்புக் கலப்பதே வேலை குறைவு.

செல்லூர்: மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர்ல எதைப் போடணும்?

ஒரு வேவ்மேக்கரை மட்டும். நீரோட்டம் இருந்தால் ஆக்சிஜன் கலந்துகொண்டே இருக்கும். ஸ்கிம்மரும் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) லைட்டும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரி மதியத்துக்குள் படுத்துவிடும், அதற்குப் பதில் சின்ன டிசி ஃபேனைத் தண்ணீர் மேல் வீச விடுங்கள். இன்வெர்ட்டரே இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அன்றைக்குத் தீனி போட வேண்டாம். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் கோப்பையைக் கவனியுங்கள், சம்ப்பில் தண்ணீர் ஏறியிருந்தால் நுரை பொங்கித் தரையெல்லாம் ஆகிவிடும்.